நமது ஆகாயத்தின் கணக்கு

ஆகாயம் எல்லோருக்கும் பொது. ஆனால் அதில் மிதக்கும் தூசிக்கும் புகைக்கும் கணக்கு வைத்திருப்பவர்கள் உலகத்தில் சிலரே. கணக்கு வைத்திருப்பவன் சொல்வதே சபையில் ஏறும். கணக்கில்லாதவன் தன் வீட்டைப் பற்றியே பிறர் சொல்லக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். 2002-ம் வருஷத்தில் நமது தேசத்துக்கு இந்த உண்மை நன்றாக உணர்த்தப்பட்டது. ஜோஹானஸ்பர்க் நகரில் உலக மகாநாடு கூடவிருந்த சமயத்தில், ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் ஸ்தாபனம் ஓர் அறிக்கையை வெளியிட்டது. தென் ஆசியாவின் மேலும் அதை அடுத்த சமுத்திரத்தின் மேலும் குளிர்கால மாதங்களில் பழுப்பு நிறப் புகைப்படலம் ஒன்று கவிந்து நிற்கிறது. அது பூமிக்கு வரும் வெயிலைக் குறைக்கிறது. மழையையும் விளைச்சலையும் அது பாதிக்கக்கூடும் என்பது அறிக்கையின் சாரம். அந்தப் படலத்துக்கு ‘ஆசியப் பழுப்பு மேகம்’ என்று பெயரும் சூட்டப்பட்டிருந்தது.

பெயரைக் கேட்டவுடன் நம்மவர் பலருக்குக் கோபம் வந்தது. அதில் வியப்பில்லை. நூற்றைம்பது வருஷங்களாக நிலக்கரியை எரித்துத் தள்ளிய தேசங்கள் இருக்க, அடுப்பில் சுள்ளி எரிப்பவர்களின் பெயரால் மேகம் வழங்கப்படுவானேன் என்று கேட்பது நியாயமே. ஆனால் கோபப்படுவதற்கு முன்னும் சரி, ஒப்புக்கொள்வதற்கு முன்னும் சரி, கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத துகள்களை, அதுவும் பல மைல் உயரம் வரையில் பரவி நிற்பவற்றை, தரையில் நின்றுகொண்டு எப்படி அளந்தார்கள்? அளந்தது சரிதானா? இதைத் தெரிந்துகொள்ளாமல் செய்யும் வாதம் வெறும் ஆரவாரமாகவே முடியும்.

சூரியனே விளக்கு

அளக்கும் தத்துவம் மிக எளிது. ஒரு கண்ணாடித் தம்ளரில் உள்ள நீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்க்க என்ன செய்கிறோம்? அதன் பின்னால் ஒரு விளக்கை வைத்து, எவ்வளவு வெளிச்சம் இப்பால் வருகிறது என்று பார்க்கிறோம். ஆகாயம் தம்ளர்; சூரியன் விளக்கு. விளக்கின் முழுப் பிரகாசம் இவ்வளவு என்று தெரிந்தால், இப்பால் வந்து சேர்ந்ததைக் கொண்டு நடுவில் இருப்பதன் கலங்கலைக் கணித்துவிடலாம்.

இதற்கு ஆதாரமான விதியை பிரெஞ்சு விஞ்ஞானி பியேர் பூகேர் 1729-ல் வெளியிட்ட நூலில் கூறினார். சந்திரன் வானத்தில் வெவ்வேறு உயரங்களில் இருக்கும்போது அதன் ஒளியை மெழுகுவர்த்தியின் ஒளியோடு ஒப்பிட்டு அவர் இதைக் கண்டார். ஒளி ஒரு படலத்தைக் கடக்கும்போது ஒரு குறிப்பிட்ட பங்கை இழக்கிறது. அதேபோன்ற இரண்டாவது படலத்தைக் கடக்கும்போது, மிஞ்சியதில் மீண்டும் அதே பங்கை இழக்கிறது. இந்தக் குறைவை இக்காலத்தில் ‘ஒளித்தடிமன்’ என்ற ஓர் எண்ணால் குறிப்பிடுகிறார்கள். ஒளித்தடிமன் 0.5 என்றால், தலைக்கு நேரே நிற்கும் சூரியனிடமிருந்து நேராக வரும் ஒளியில் நூற்றுக்கு 61 பங்கு நம்மை அடைகிறது. அந்த எண் 1 ஆனால், 37 பங்குதான் அடைகிறது.

நேரே வரும் ஒளியைப் பிடிக்கும் கருவியும் எளியதே. சூரியனை நோக்கித் திருப்பிய ஒரு குழாய். அதன் அடியில் ஒளியையோ உஷ்ணத்தையோ உணரும் ஒரு தகடு. குழாய் இருப்பதனால் ஆகாயத்தின் மற்றப் பாகங்களிலிருந்து சிதறிவரும் வெளிச்சம் விலக்கப்படுகிறது. ஸ்வீடன் தேசத்தவரான க்நூட் ஆங்ஸ்ட்ரம் 1893-ல் அமைத்த கருவியில் கறுப்புப் பூசிய இரண்டு உலோகப் பட்டைகள் உண்டு. ஒன்றின்மேல் வெயில் விழும். மற்றது நிழலில் இருக்கும். நிழலில் இருப்பதை மின்சாரத்தால் சூடேற்றி, இரண்டும் சம உஷ்ணநிலைக்கு வந்ததும் மின்சாரத்தின் அளவைக் குறித்துக்கொண்டால், வெயிலின் உஷ்ணம் இவ்வளவு என்று தெரிந்துவிடும். தராசின் ஒரு தட்டில் வெயிலையும் மற்றொரு தட்டில் மின்சாரத்தையும் வைத்து நிறுப்பது போன்றது இது.

விளக்கின் முழு ஒளி எவ்வளவு?

ஆனால் சிக்கல் இங்கேதான். விளக்கை நாம் தம்ளருக்கு அப்பால் சென்று பார்த்ததில்லையே! காற்று மண்டலத்துக்கு வெளியே சூரியனின் பிரகாசம் எவ்வளவு என்று, தரையில் நிற்பவன் எவ்வாறு அறிவது? இதற்கு உபாயம் கண்டவர் அமெரிக்க விஞ்ஞானி ஸாமுவேல் லாங்க்லி. சூரியன் உச்சியில் இருக்கும்போது அதன் கிரணம் காற்று மண்டலத்தை மிகக் குறுகிய வழியில் கடக்கிறது. அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் இருக்கும்போது அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வழியைக் கடக்கவேண்டியிருக்கிறது. காலையிலிருந்து பல தடவை அளந்து, வழியின் நீளத்தையும் ஒளியின் லாகரிதத்தையும் ஒரு காகிதத்தில் குறித்தால், புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் அமைகின்றன. அந்தக் கோட்டை வழியின் நீளம் பூஜ்யமாகும் இடம் வரையில் நீட்டினால் போதும். காற்றே இல்லாவிட்டால் கருவி காட்டக்கூடிய எண் அங்கே கிடைத்துவிடும். கோட்டின் சரிவோ ஆகாயத்தின் ஒளித்தடிமனைத் தந்துவிடும்.

1881-ல் லாங்க்லி தாமே அமைத்த நுட்பமான உஷ்ணமானியை விட்னி மலைக்குக் கொண்டுசென்று அளந்தார். ஆனால் அளவுகளிலிருந்து கணக்கிட்ட முறையில் பிழை நேர்ந்துவிட்டது. சதுர மீட்டருக்கு 2,000 வாட்டுக்கு மேல் என்று முடிவு கூறினார். இன்று ஒப்புக்கொள்ளப்பட்டுள்ள அளவு 1,361 வாட்டேயாகும். லாங்க்லிக்குப் பின் அவருடைய ஸ்தாபனத்திலேயே பணியாற்றிய சார்லஸ் அபட் அந்தப் பிழையைத் திருத்தினார். புகழ்பெற்ற ஆசானின் எண்ணாயிற்றே என்று விட்டுவிடாமல் திரும்ப அளந்து பார்த்ததே இந்தச் சாஸ்திரத்தின் உயிர் என்பதைக் கவனிக்கவேண்டும்.

இந்த உபாயத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. அளக்கும் காலை முழுவதும் ஆகாயம் மாறாமல் இருக்கவேண்டும். சமவெளியில் அப்படி அமைவது அரிது. ஆகவேதான் ஹவாய்த் தீவில் 3,400 மீட்டர் உயரத்திலுள்ள மௌனா லோவா போன்ற மலையுச்சிகளுக்கு ஆதாரக் கருவிகளை எடுத்துச் சென்று திட்டப்படுத்துகிறார்கள். 1958 முதல் அங்கே சூரிய ஒளி ஒழுங்காக அளக்கப்பட்டு வந்திருக்கிறது. 1963-ல் ஆகுங், 1982-ல் எல் சிச்சோன், 1991-ல் பினாட்டுபோ ஆகிய எரிமலைகள் வெடித்தபோது, பல்லாயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்த அந்தக் குன்றின் ஏட்டில் ஒவ்வொன்றும் ஒரு பள்ளமாகப் பதிவாயிற்று. எரிமலை எங்கோ வெடித்தாலும் சூரியனை நோக்கியிருக்கும் குழாய்க்கு அது மறைவதில்லை.

தூசியா, புகையா?

மொத்தக் கலங்கலை அறிந்தால் மட்டும் போதாது. காற்றின் அணுக்களே நீல ஒளியைச் சிதறடிக்கின்றன; ஓஸோன் வாயு ஒரு பங்கை விழுங்குகிறது; நீராவி வேறு ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. இவை ஒவ்வொன்றையும் கணக்கிட்டுக் கழித்தபின் எஞ்சுவதே மிதக்கும் துகள்களால் ஆனது. அந்தத் துகள்கள் எத்தகையவை என்பதையும் ஒளியைக்கொண்டே ஓரளவு சொல்லலாம். இதைக் காட்டியவர் க்நூட் ஆங்ஸ்ட்ரமின் குமாரரான ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ரம். 1929-ல் அவர் வெளியிட்ட விதியின்படி, புகையின் நுண்ணிய துகள்கள் நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் தடுக்கும். பாலைவனத் தூசி, கடல் உப்பு ஆகியவற்றின் பருத்த துகள்கள் எல்லா நிறங்களையும் ஏறத்தாழச் சமமாகத் தடுக்கும். ஆகவே ஒரே ஒளியைப் பல நிறக் கண்ணாடிகளின் வழியே அளந்தால் துகளின் பருமன் தெரிந்துவிடும்.

இக்காலத்தில் உலகெங்கும் வழங்கும் சூரிய ஒளிமானி இந்த வேலையைத் தானாகவே செய்கிறது. பிரெஞ்சு தேசத்தில் செய்யப்படும் ஒருவகை யந்திரம் சூரியனைத் தேடித் திரும்பி, நிறம் நிறமாக அளந்து, எண்களை அனுப்பிவிடுகிறது. அமெரிக்காவின் நாஸா ஸ்தாபனம் 1993 முதல் இவற்றைக்கொண்டு ஏரோநெட் என்ற உலக வலையை அமைத்தது. கான்பூரிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2001 ஜனவரியில் இந்த வலையின் நிலையம் ஒன்று தொடங்கிற்று. கங்கைச் சமவெளியின் ஆகாயத்தைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பகுதி அங்கிருந்து கிடைத்ததே. கோடையில் மேற்குப் பாலைவனத்திலிருந்து வரும் பருந்தூசியும், குளிர்காலத்தில் ஊர்களும் ஆலைகளும் வயல்களும் எழுப்பும் நுண்புகையும் அந்த ஏட்டில் தனித்தனியே தெரிகின்றன.

பூனாவின் பட்டறை

நமது தேசத்தில் சூரியனைக் கவனிக்கும் வேலை புதிதன்று. 1876-77-ல் சென்னை ராஜதானியைச் சூறையாடிய பஞ்சத்துக்குப் பிறகு, மழையின் போக்கை அறியச் சூரியனை ஆராயவேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. அதன் பயனாகவே 1899-ல் கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையம் அமைந்தது. ஆயினும் தேசம் முழுவதிலும் வெயிலை ஒரே முறையில் அளந்து பதியும் ஏற்பாடு சுதந்திரம் வந்த பிறகே உண்டாயிற்று. அதைச் செய்து முடித்ததில் முதலிடம் பெறவேண்டியவர் ஒரு பெண்மணி.

அன்னா மணி 1918-ல் திருவிதாங்கூரைச் சேர்ந்த பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை ராஜதானிக் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் ஸர் சி. வி. ராமனிடம் வைரங்களின் ஒளியை ஆராய்ந்தார். ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஐந்து எழுதியும், எம். எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் டாக்டர் பட்டம் அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் மனம் சோரவில்லை. 1945-ல் லண்டனுக்குச் சென்று வானிலைக் கருவிகளின் நுட்பத்தைக் கற்றுக்கொண்டு, 1948-ல் திரும்பிப் பூனாவில் இந்திய வானிலை இலாகாவில் சேர்ந்தார். அக்காலத்தில் மழைமானி போன்ற சாதாரணக் கருவிகள் தவிர, மற்றவை அந்நிய நாடுகளிலிருந்தே வந்துகொண்டிருந்தன. ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடங்களை ஒழுங்குபடுத்தி, அவற்றை இங்கேயே செய்யும் நிலைக்கு இலாகாவை அவர் கொண்டுவந்தார். தவறான அளவு அளவே இல்லாமையைவிடக் கெட்டது என்பது அவருடைய கொள்கை.

1957-58-ல் சர்வதேச பூபௌதிக ஆண்டு கொண்டாடப்பட்டபோது, பூனா, டில்லி, கல்கத்தா, சென்னை முதலிய இடங்களில் சூரிய கிரணங்களை அளக்கும் நிலையங்கள் அவருடைய மேற்பார்வையில் எழுந்தன. அந்த அளவுகளிலிருந்து ஆங்ஸ்ட்ரமின் கலங்கல் எண்களைக் கணித்து, 1969-ல் தம் சகாக்களுடன் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்டார். இந்தியாவின் வெயிலைப் பற்றிய அவருடைய பெருநூல்கள் 1980-லும் 1981-லும் வந்தன. 2001-ல் அவர் காலமானார். ஆனால் அவர் பதிந்துவைத்த எண்கள் பின்னால் எவ்வளவு பெரிய சாட்சியாக நின்றன என்பதை இனிக் காண்போம்.

ஏடுகள் சொல்லும் செய்தி

1980-களில் திருவனந்தபுரத்து விண்வெளிப் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தில் பத்து நிறங்களில் சூரியனை அளக்கும் கருவி ஒன்று உள்நாட்டிலேயே ஆக்கப்பட்டது. 380 முதல் 1,025 நானோமீட்டர் வரையுள்ள அலைநீளங்களை அது அளக்கும். முதலில் திருவனந்தபுரத்திலும், பின்னர் தேசத்தின் பல பாகங்களிலும் அது நிறுவப்பட்டது. இன்று அந்த வலைக்கு ஆர்ஃபிநெட் என்று பெயர்.

1999 ஜனவரி முதல் மார்ச்சு வரையில் ‘இந்தோஎக்ஸ்’ என்ற பெரும் ஆராய்ச்சி நடைபெற்றது. அதை நடத்தியவர்களில் ஒருவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வீ. ராமநாதன், மற்றொருவர் பால் க்ருட்ஸன். மாலத்தீவுகளில் காஷிதூ என்ற சிறு தீவில் சூரிய ஒளிமானிகளும் வெயில்மானிகளும் வைக்கப்பட்டன. சதீஷும் ராமநாதனும் 2000-ல் வெளியிட்ட முடிவு உலகைத் திடுக்கிடச் செய்தது. துகள்களினால் காற்று மண்டலத்தின் உச்சியில் ஏற்படும் ஒளி மாறுதலைப்போல், கடல் மட்டத்தில் ஏற்படும் ஒளிக்குறைவு மூன்று மடங்கு என்று அவர்கள் கண்டார்கள். இடையில் மறைந்த வெயில் எங்கே போயிற்று? கரிப்புகை அதை விழுங்கி, நடுக்காற்றைச் சூடேற்றிக்கொண்டிருந்தது. கீழே குளிர்ச்சி, மேலே சூடு என்ற இந்த விபரீத நிலை பருவமழையை எப்படி மாற்றும் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் அபிப்பிராய பேதம் உண்டு. மாற்றக்கூடியது என்பதில் பேதமில்லை.

வானிலை இலாகாவின் பழைய நிலையங்களும் வாய் திறந்தன. பன்னிரண்டு நிலையங்களின் ஏடுகளைப் பரிசோதித்துப் பூனாவின் விஞ்ஞானிகள் 2007-ல் வெளியிட்ட கட்டுரையின்படி, 1981 முதல் 2004 வரையில் இந்தியாவின் தரையை அடையும் வெயில் வருஷத்துக்குச் சதுர மீட்டருக்கு 0.86 வாட்டு வீதம் குறைந்துவந்தது. 2013-ல் திருவனந்தபுரத்து வலையின் விஞ்ஞானிகள் தங்கள் கால் நூற்றாண்டுக் கணக்கை வெளியிட்டார்கள். 1985-ல் இருந்த அளவை அடிப்படையாகக் கொண்டால், துகள்களின் ஒளித்தடிமன் வருஷத்துக்கு நூற்றுக்கு 2.3 வீதம் பெருகியிருக்கிறது. கடைசிப் பத்து வருஷங்களில் வேகம் ஏறக்குறைய 4 வீதமாயிற்று. டிசம்பர் முதல் மார்ச்சு வரையுள்ள வறண்ட மாதங்களில் பெருக்கம் அதிகம். ஐம்பது வருஷங்களுக்கு முற்பட்ட கலங்கல் எண்களோடு ஒப்பிட்டபோது, வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளதாக இருந்தது. அந்தப் பழைய எண்கள் இல்லாதிருந்தால் ஒப்பிடுவதற்கு என்ன இருந்திருக்கும்?

பெயரும் பொறுப்பும்

இப்பொழுது 2002-ம் வருஷத்து விவகாரத்துக்குத் திரும்புவோம். அறிக்கை வந்த சில மாதங்களுக்குள் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீநிவாசனும் சுலோசனா காட்கிலும் அதை மறுத்து எழுதினார்கள். புகைப்படலம் ஆசியாவுக்கு மட்டும் உரியதன்று. அது சில மாதங்களே நிற்பது. மழைக்கும் பயிருக்கும் நேரும் தீங்கைப் பற்றிய முடிவுகள் உறுதிப்படாதவை என்பன அவர்களுடைய வாதங்கள். இது நியாயமான வாதம். அது கோஷமாக எழவில்லை. அளவுகளை எடுத்துவைத்து எழுந்தது. ஆகவே அதற்குப் பலன் உண்டாயிற்று. திட்டத்தின் பெயரில் ‘ஆசிய’ என்ற சொல் நீங்கி, ‘காற்று மண்டலப் பழுப்பு மேகங்கள்’ என்று ஆயிற்று.

பெயர் மாறியது, புகை மாறவில்லை. இதை நாம் மறைக்கலாகாது. அந்நியர் நம்மைக் குறை கூறும்போது பொங்குவதும், நமது கருவியே அதைக் கூறும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதும் தேசபக்தியாகாது. 2013-ல் வந்த கணக்கு ஜினீவாவில் எழுதப்பட்டதன்று. நம்மவர் செய்த கருவியைக்கொண்டு நம்மவர் நமது மண்ணில் நின்று அளந்தது. அதை ஏற்றுக்கொள்ளும் துணிவு இருந்தால்தான், பிறர் மிகைப்படுத்தும்போது மறுக்கும் உரிமையும் நமக்கு இருக்கும்.

கருவியின் எல்லையையும் அறிந்திருக்கவேண்டும். மேகம் மூடினால் ஒளிமானி குருடு. ஆகவே பருவமழை மாதங்களில் நமது ஏடுகள் மெலிந்திருக்கின்றன. அது தரையிலிருந்து உச்சி வரையுள்ள முழுக் காற்றையும் அளக்கிறது; நாம் சுவாசிக்கும் காற்றை மட்டும் தனியே சொல்வதில்லை. புகை எவ்வளவு என்று சொல்லும்; யாருடைய புகை என்று சொல்லாது. அதற்குத் துகள்களை வடிதாளில் பிடித்துப் பரிசோதிக்கவேண்டும். அவ்வாறு பூனாவுக்கு அருகிலுள்ள சிங்ககட்டிலும் மாலத்தீவிலும் பிடித்த கரித்துகள்களை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்ட முடிவின்படி, பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை விறகு, சாணம், வைக்கோல் போன்றவற்றை எரிப்பதால் வந்தது. மீதி நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றால் வந்தது. குடிசையின் அடுப்பும், நகரத்தின் மோட்டாரும், ஆலையின் புகைபோக்கியும் சேர்ந்தே இந்தக் கடனை ஏற்றியிருக்கின்றன. ஏழையை மட்டும் குற்றவாளியாக்குவதும் தவறு. அவனுடைய மனைவி வருஷமெல்லாம் புகையில் கண் கசிய நிற்பதை மறப்பதும் தவறு.

செய்யவேண்டியவை

இன்று தேசம் சூரியனிடமிருந்து மின்சாரம் எடுக்க முனைந்திருக்கிறது. வெயிலை மறைக்கும் ஒவ்வொரு படலமும் மின்சாரத்தை மறைக்கும் படலமாகிறது. இதை உணர்ந்தே சென்னையிலுள்ள காற்றுச்சக்தி ஸ்தாபனத்தின் மூலம் 2011-ல் 51 இடங்களில் வெயிலை அளக்கும் நிலையங்கள் நிறுவப்பட்டன. நிறுவுவது எளிது, பேணுவதே அரிது. கண்ணாடியில் படியும் தூசியைத் தினந்தோறும் துடைக்க ஓர் ஆள் வேண்டும். கருவிகளைக் காலந்தோறும் ஆதாரக் கருவியுடன் ஒப்பிடவேண்டும். ஸ்விட்ஸர்லாந்தில் தாவோஸ் நகரத்தில் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை உலகத்தின் ஆதாரக் கருவிகளை ஒன்றுகூட்டி ஒப்பிடுகிறார்கள் என்றால், வேறு வேலை இல்லாமலா செய்கிறார்கள்? கருவி சிறிது சிறிதாகத் தளர்ந்தால், ஆகாயம் தெளிந்ததா, கருவி கெட்டதா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. ஒரு வருஷம் விட்டுப்போன ஏட்டை மறுவருஷம் எழுதவும் முடியாது. சென்ற நாளின் சூரியன் திரும்ப வருவதில்லை.

ஆகவே மூன்று காரியங்கள் அவசியம். சூரிய ஒளியை அளக்கும் நிலையங்களுக்கு ஆண்டுதோறும் தவறாமல் பணமும் ஆளும் கிடைக்கவேண்டும். பத்திரிகையில் புகழ் வரும் வருஷத்தில் மட்டும் கிடைத்தால் போதாது. அளந்த எண்கள் இலாகாவின் பெட்டிக்குள் உறங்காமல், எந்தக் கல்லூரி மாணவனும் எடுத்துப் பரிசோதிக்கும்படி வெளியிடப்படவேண்டும். பொது வாழ்வில் ஈடுபட்டிருப்பவர்கள், புகையைப் பற்றிப் பேசுமுன் இந்த எண்களைப் படித்தறியவேண்டும்; அடுப்புக்கு எரிவாயு, வைக்கோலுக்கு மாற்று வழி, ஆலைக்கு வடிகட்டி என்று கேட்பவர்களுக்கு, எங்கே எவ்வளவு என்று காட்டும் கணக்கைவிடக் கூர்மையான ஆயுதம் வேறில்லை.

பூனாவின் பட்டறையில் அன்னா மணியும் அவருடைய சகாக்களும் வெயிலை அளந்தபோது, அந்த எண்களைக் கொண்டாடுவோர் அதிகம் பேரில்லை. ஐம்பது வருஷங்களுக்குப் பின் தேசம் தன் ஆகாயத்தைப் பற்றித் தானே பேச அவையே ஆதாரமாயின. இன்னும் ஐம்பது வருஷங்களுக்குப் பின் வருகிறவர்கள், நமது காலத்து ஆகாயம் தெளிந்துவந்ததா, மேலும் கலங்கிற்றா என்று கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய ஏடு இன்றைய வெயிலில்தான் எழுதப்படவேண்டும்.